பீப்பாயிலிருந்து தெரிந்த கோட்டை

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். செஞ்சியில் பிறந்து, செஞ்சியில் வளர்ந்து, ராஜகிரி உச்சிக்கு ஒருமுறைகூட ஏறாத முட்டாள் அந்தக் காலத்தில் நான் ஒருவன்தான். உச்சிக்குக் கொஞ்சம் கீழே மலை இரண்டாகப் பிளந்திருக்கும். அதன்மேல் ஒரு மரப்பாலம். கீழே பார்த்தால் அடி தெரியாது. ஊர்ப் பையன்கள் அதில் ஓடியே போய்விடுவார்கள். நான் பாலம் வரைக்கும் போவேன். போனதும் காலில் முள் குத்திவிடும். ஒருநாள் முள், ஒருநாள் வயிற்றுவலி, இன்னொருநாள் அடிவாரத்தில் ஆட்டைக் கட்டாமல் வந்துவிட்ட ஞாபகம். எங்கள் வீட்டில் ஆடே கிடையாது.

அப்பேர்ப்பட்ட நான்தான் வடதுருவக் கடலுக்குப் போன ஒரு பாய்மரக் கப்பலில், பாய்மரத்தின் உச்சியில் கட்டிய பீப்பாய்க்குள் நின்று, ஏழு பேர் உயிருக்குக் காவல் பார்த்தேன். எப்படி என்று கேட்டால், பொய் சொல்லித்தான்.

கப்பல் வேலைக்குப் போகிற தம்பிகள், கிளம்புவதற்கு முன்னால் என்னைப் பார்க்க வருகிறீர்கள். எந்தக் கம்பெனி நல்லது, எந்தக் கடலில் வாந்தி வரும் என்றெல்லாம் கேட்கிறீர்கள். எனக்குத் தெரிந்த கம்பெனிகளில் பாதி இன்றைக்கு இல்லை. வாந்தி எல்லாக் கடலிலும் வரும். கயிறு முடிவதும் பாய் இறக்குவதும் பயிற்சிப் பள்ளியில் சொல்லித் தருவார்கள். அங்கே சொல்லித் தராத ஒரு தப்பை நான் செய்திருக்கிறேன். அதைத்தான் எழுதுகிறேன்.

என்னோடு வந்தவன் காதர். ஒரே வயது, ஒரே தெரு, எட்டாவது வரை ஒரே பெஞ்சு. அவர்கள் வீட்டில் தலைமுறை தலைமுறையாகக் கூடாரத் துணியும் சாக்கும் தைப்பவர்கள். காதர் அதிகம் பேச மாட்டான். வார்த்தைகளை ரேஷனில் வாங்குகிறவன். அவன் பங்கையும் சேர்த்து நான் பேசிவிடுவதால் எங்கள் சிநேகிதம் கணக்குக்குச் சரியாக இருந்தது. அவனுடைய மாமு ஒருவர் சென்னைத் துறைமுகத்தில் வேலையாக இருந்தார். அவர் மூலமாகக் காதர் கப்பலேறினான். அவன் போகிறான் என்று நானும் போனேன். என் நைனா ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"செட்டிக்குளத்துலயே முழுகப் பாத்தவன், உனுக்கு இன்னாத்துக்குடா கடலு?"

பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

இது அறுபதுகளின் நடுவில். நாங்கள் வேலை பார்த்த சரக்குக் கப்பல் நார்வே நாட்டின் வடகோடியில், ஒரு சின்னத் துறைமுகத்தில் என்ஜின் உடைந்து நின்றுவிட்டது. சாமான் வந்து சரிசெய்ய இரண்டு மாதம் ஆகும் என்றார்கள். பக்கத்திலேயே ஒரு கிழட்டு மரக் கப்பல் கட்டிக் கிடந்தது. இரண்டு பாய்மரம். பனிக்கட்டி கிழித்துவிடாமல் இருக்க உடம்பு முழுக்க இன்னொரு அடுக்குப் பலகை. வயிற்றுக்குள் ஒரு குட்டி என்ஜின், அதைச் சூடேற்றிக் கிளப்பவே கால்மணி நேரமாகும். ஒவ்வொரு கோடைக்கும் அந்தக் கப்பல் வடக்கே பனிக்கடலில் இருக்கும் ஒரு தீவுக்குப் போகும். அங்கே வானிலை பார்க்கிறவர்கள் ஐந்து பேர். அவர்களுக்கு வருஷத்துச் சாப்பாடு, கரி, கடிதங்கள் எல்லாம் இதில்தான் போகவேண்டும். அந்த வருஷம் இரண்டு ஆள் குறைந்தது. எங்கள் கப்பலில் சும்மா இருந்தவர்களைக் கேட்டார்கள். சும்மா இருப்பதில் நான் முதல் ஆள் என்பதால் என்னைத்தான் முதலில் கேட்டார்கள்.

அந்தக் கப்பலின் கேப்டன் பெயரை எழுதமாட்டேன். எழுதினாலும் நம் வாயில் நுழையாது, என் பெயர் அவர் வாயில் நுழையாத மாதிரி. என் பெயர் மண்ணாங்கட்டி. எனக்கு முன்னால் பிறந்த இரண்டும் தங்கவில்லை என்று, எமன் கண்ணில் படாமலிருக்க வைத்த பெயர். கேப்டன் இரண்டு தடவை முயன்று பார்த்துவிட்டு 'மன்னா' என்பதோடு நிறுத்திக்கொண்டார். அதுவரை என்னை ஒருவரும் மன்னா என்று கூப்பிட்டதில்லை. அந்தச் சந்தோஷத்தில்தான் பொய் வாயிலிருந்து கழன்றது.

என்ன தெரியும் என்று முதலில் காதரைக் கேட்டார். காதர் கிழிந்து கிடந்த பாய் ஒன்றை மடியில் இழுத்துப் போட்டு, ஊசியை எடுத்து நாலு தையல் போட்டுக் காட்டினான். கேப்டன் அந்தத் தையலை விரலால் தடவிப் பார்த்துத் தலையாட்டினார். அடுத்து நான். எங்கள் ஊரில் மூன்று மலை, மேலே கோட்டை, தினமும் ஏறி இறங்கிவிட்டுத்தான் பல் விளக்குவேன் என்று எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் சொன்னேன். காதர் என்னைத் திரும்பிப் பார்த்தான். கேப்டனோ அண்ணாந்து பெரிய பாய்மரத்தின் உச்சியைப் பார்த்தார். அங்கே ஒரு பீப்பாய், பக்கத்தில் ஒரு மணி. பனிக்கட்டி வருகிறதா என்று பார்க்க ஆள் நிற்கிற இடம் அது.

"அது உன்னுடையது" என்றார்.

முதல்நாள் கயிற்றேணியில் பாதிவரை ஏறி ஒட்டிக்கொண்டேன். பல்லி மாதிரி என்று சொல்லலாம், ஆனால் பல்லிக்கு நடுங்காது. மேலேயும் போக முடியவில்லை, கீழேயும் வர முடியவில்லை. முள் குத்திவிட்டது என்று சொல்லலாமென்றால் சுற்றிலும் கடல். காதர்தான் கீழேயிருந்து பக்கத்துக் கயிற்றில் ஏறிவந்தான்.

"கீழ பாக்காத. ஏறு."

அன்றைக்கு அவன் பேசியது அவ்வளவுதான். ஏறிவிட்டேன். பத்து நாளில் பயம் போகவில்லை, பழகிவிட்டது. இரண்டும் வேறு வேறு.

அந்தக் கடலைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். அங்கே கோடையில் இரவு கிடையாது. சூரியன் மறையாது. தலைக்கு மேலும் வராது. கடல் விளிம்போரமாகவே, களத்து மேட்டில் மாடு சுற்றுகிற மாதிரி, நம்மைச் சுற்றிக்கொண்டே இருக்கும். நம் நிழல் நம்மைச் சுற்றி வரும். இரண்டாவது வாரம் எனக்கு ஒரு சந்தேகம் வந்துவிட்டது. நேற்று என்று ஒன்று இருந்ததா, அல்லது இது எல்லாமே கிளம்பிய அன்றைக்கே நீண்டுகொண்டிருக்கிறதா என்று. கேப்டனின் நோட்டில் தேதி இருந்தது. அதை நம்பினோம்.

அடுத்தது வாசனை. அங்கே எதற்கும் வாசனை இல்லை. நம் ஊரில் கண்ணை மூடிக்கொண்டே எந்தத் தெரு என்று சொல்லிவிடலாம். அங்கே மூச்சை இழுத்தால் மூக்குக்குள் ஊசி குத்தும், அவ்வளவுதான். சத்தமும் அப்படித்தான். காற்று நின்றுவிட்டால் மணிக்கணக்கில் ஒன்றும் கேட்காது. திடீரென்று எங்கோ தூரத்தில் ஒரு பனிக்கட்டி விரியும். பக்கத்து அறையில் பெரியவர் ஒருவர் தொண்டையைச் செருமுவது போலவே இருக்கும். பேசப்போகிறார் என்று காத்திருப்போம். பேசமாட்டார்.

அந்த அமைதி எனக்குப் பொறுக்கவில்லை. நான்தான் அமைதியைக் கண்டால் அதில் கல் எறிகிற ஜாதியாயிற்றே. ஒருநாள் பீப்பாயிலிருந்து மணியை அடித்தேன். கீழே எல்லாரும் ஓடி வந்தார்கள். தென்கிழக்கைக் காட்டி, "திண்டிவனம் பஸ் வருதுடா" என்று தமிழில் கத்தினேன். காதர் ஒருவனுக்குத்தான் புரிந்தது. அவனும் சிரிக்கவில்லை. இரண்டு நாள் கழித்து ஒரு திமிங்கலத்தின் முதுகு தெரிந்தது. எருமை என்று சொல்லி மறுபடி அடித்தேன்.

கேப்டன் என்னைக் கீழே கூப்பிட்டார். கத்தவில்லை. கத்தியிருந்தால் பரவாயில்லை. அந்த மணி விளையாட்டுக்கு அல்ல என்றும், இன்னொரு தடவை காரணமில்லாமல் அடித்தால் திரும்பும் வரைக்கும் உருளைக்கிழங்கு உரிக்கவேண்டும் என்றும் மெல்லச் சொல்லிவிட்டுப் போய்விட்டார். பக்கத்தில் நின்ற மேட், அதாவது கேப்டனுக்கு அடுத்தவர், என் முதுகில் ஒரு தட்டுத் தட்டிவிட்டுச் சிரித்தார். நானும் சிரித்தேன். ஆனால் தம்பிகளே, அன்றிலிருந்து அந்த மணியின் கயிறு எனக்குக் கொஞ்சம் எட்டாமல் போய்விட்டது. கோமாளி என்று ஒருமுறை பெயர் எடுத்தவனுக்கு, நிஜத்தைச் சொல்ல மற்றவர்களைவிட இரண்டு மடங்கு தைரியம் வேண்டும். எனக்கு அரை மடங்குகூட இருந்ததில்லை.

தீவுக்கு வந்து சேர்ந்த அன்று காற்று செத்துவிட்டது. பாய்கள் கொடியில் காய்கிற துணி மாதிரித் தொங்கின. கரைக்குப் பக்கத்தில் சின்னச் சின்னப் பனிக்கட்டிகள் மிதந்ததால் கப்பல் உள்ளே போக முடியவில்லை. முதலில் சிறுபடகில் கடிதப் பையும் ரேடியோவுக்கான பேட்டரிகளும் போகட்டும் என்று கேப்டன் முடிவு செய்தார். பத்து மாதமாகக் கடிதம் பார்க்காதவர்கள் கரையில் நின்று கையசைத்துக்கொண்டிருந்தார்கள். படகில் இரண்டு பேர். பின்பக்கம் தீவைப் பார்த்தபடி சுக்கான் பிடித்து மேட். நடுவில் துடுப்புப் போட காதர். துடுப்புப் போடுகிறவன் போகிற திசைக்கு முதுகைக் காட்டித்தான் உட்காருவான். ஆகவே காதர் கப்பலையும் கப்பலுக்குப் பின்னால் இருந்த கடலையும் பார்த்தபடி போனான். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

கேப்டன் என்னை மேலே அனுப்பினார். படகை நான் பார்த்துக்கொள்கிறேன், முதுகுப்பக்கக் கடலை நீ பார், பனி வந்தால் நாம் எல்லாரும் இங்கேயே மாட்டிக்கொள்வோம் என்றார். சரி என்று ஏறினேன்.

படகு கால்வாசி தூரம் போயிருக்கும். நான் வடக்கே பார்த்துக்கொண்டிருந்தேன். கடல் முடிகிற இடத்தில் வெறும் வெள்ளைக் கோடு. அந்தக் கோடு மெல்ல எழுந்தது. புளித்த மாவு பொங்குகிற மாதிரி, அவசரமே இல்லாமல். முதலில் ஒரு மதில். மதிலின் மேல் வரிசையாகக் கொத்தளங்கள். பிறகு மதிலுக்குப் பின்னால் மூன்று மலைகள். வலது கோடியில் இருந்த மலையின் தலையை யாரோ கத்தியால் சீவிவிட்ட மாதிரி இருந்தது.

நான் பிறந்ததிலிருந்து எங்கள் வீட்டு வாசலில் நின்று பார்த்த ராஜகிரி அது. பக்கத்தில் கிருஷ்ணகிரி. தள்ளி சந்திரகிரி. மூன்றையும் இணைக்கிற மதில், போய் வளைந்து வருகிற அதே வளைவோடு. ராஜகிரிக்கும் கிருஷ்ணகிரிக்கும் நடுவில் மதிலில் கறுப்பாக ஒரு வாசல். கல் எல்லாம் வெள்ளை, அது ஒன்றுதான் வித்தியாசம். சுண்ணாம்பு அடித்துத் திருவிழாவுக்குத் தயாராக நிற்கிற செஞ்சி.

கண்ணைக் கசக்கினேன். போகவில்லை. பனித்துகள் ஒட்டிய கையுறையால் கசக்கியதில் கண்தான் எரிந்தது. அப்போதுதான் இரண்டு வாரமாக இல்லாத வாசனை வந்தது. வெயிலில் சுட்ட பாறை வாசனை. சீத்தாச்செடி இலையைக் கசக்கிய வாசனை. தம்பிகளே, நான் குடித்திருக்கவில்லை. அந்தக் கப்பலில் எனக்குக் கொடுக்கவும் மாட்டார்கள்.

நான் ஏறாத உச்சியையும் அன்றுதான் பார்த்தேன். பிளவு, பாலம், அதற்கு மேலே மணிக்கூண்டு. கூண்டுக்குள் ஒரு ஆள் நின்றுகொண்டிருந்தான். கையை மேலே தூக்கி, மணிக்கயிற்றைப் பிடித்த மாதிரி. எங்கள் பக்கம்தான் பார்த்தான். அவனும் அடிக்கவில்லை.

நான் என்ன செய்யவேண்டும்? ஒரே ஒரு காரியம். கயிற்றை இழுக்கவேண்டும். என் கைக்கும் கயிற்றுக்கும் நடுவில் ஒரு சாண் இருந்தது.

அந்த ஒரு சாணை வைத்துக்கொண்டு நான் யோசித்த யோசனைகளைக் கேளுங்கள். அடித்தால் கீழேயிருந்து என்னவென்று கேட்பார்கள். செஞ்சிக் கோட்டை என்று சொல்லவேண்டும். நேற்று திண்டிவனம் பஸ், இன்று கோட்டை. உருளைக்கிழங்குதான். போகட்டும், உருளைக்கிழங்கு உரித்தால் கை தேய்ந்துவிடாது. ஆனால் எனக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது என்று நினைத்தால்? உண்மையிலேயே பிடித்திருந்தால்? அதைவிட மோசமாக ஒன்றும் தோன்றியது. வெளியூரில் சாகப்போகிறவன் கண்ணுக்குக் கடைசியாகத் தன் ஊர் தெரியும் என்று எங்கள் தெருவில் பேசிக்கொள்வார்கள். மணியை அடித்தால் சாவு நான் இருக்கிற இடத்தைக் கண்டுபிடித்துவிடும் என்று நம்பினேன். அடிக்காமல் சத்தமில்லாமல் இருந்தால், என்னைப் பார்க்காமல் போய்விடும். எமன் கண்ணில் படாமலிருக்கத்தான் பெயரே வைத்திருக்கிறதே.

அப்படியே நின்றேன். சூரியன் ஒரு கை அளவு நகர்ந்துவிட்டது. அரை மணி நேரம் இருக்கும்.

பார்த்துக்கொண்டே இருந்தபோது ஒன்று உறைத்தது. அந்த வாசல் சிறுத்துக்கொண்டு வந்தது. ராஜகிரி கிருஷ்ணகிரியை நோக்கி நகர்ந்தது. என் வாழ்நாளில் அந்த இரண்டு மலையும் நகர்ந்து பார்த்ததில்லை. பைத்தியம் பிடித்தவனுக்குக்கூட ஊர் அசையாமல்தான் தெரியும் என்று எதனாலோ தோன்றியது. அசைகிறது என்றால் அது என் தலைக்குள் இல்லை, வெளியே இருக்கிறது. கயிற்றைப் பிடித்து இழுத்தேன். இழுத்த இழுப்பில் கயிறு கையோடு வந்துவிட்டது. அதற்குள் மணி நாலு தடவை அடித்திருந்தது.

கேப்டன் அண்ணாந்தார். கோட்டைக்கு இங்கிலீஷில் என்ன வார்த்தை என்று அந்த நேரத்துக்கு வரவில்லை. "என் ஊர், என் ஊர், பெரிய சுவர்" என்று கத்தினேன். கீழே ஒருவன் சிரித்தான். கேப்டன் சிரிக்கவில்லை. அவர் திரும்பிக் கடலைப் பார்த்தார், மறுபடி என்னைப் பார்த்தார். கேள்வி ஒவ்வொன்றாக மேலே வந்தது. எந்தப் பக்கம்? சுவரில் கறுப்பாக இடைவெளி இருக்கிறதா? அது அகலமாகிறதா, குறுகுகிறதா?

"வாசல் மூடிக்கொண்டிருக்கிறது" என்றேன்.

அவருக்கு அதற்குமேல் தேவைப்படவில்லை. சங்கை ஊதச் சொன்னார். என்ஜினைச் சூடேற்றச் சொன்னார். பிறகுதான் என்னிடம் கேட்டார், எப்போதிலிருந்து தெரிகிறது என்று.

"இப்போதுதான்" என்றேன்.

அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். நோட்டில் எழுதிக்கொண்டார்.

அடுத்த ஒன்றரை மணி நேரத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். வடக்கேயிருந்து பனிவயல் ஒன்று, நம் தாலுகா அளவு, எங்களை நோக்கி வந்துகொண்டிருந்தது. நான் வாசல் என்று பார்த்தது அதில் மிச்சமிருந்த தண்ணீர்ப் பாதை. என்ஜின் கிளம்பிய நேரத்தில் அந்தப் பாதை இன்னும் திறந்துதான் இருந்தது. அதில் நுழைந்து வெளியே போய்விடலாம், கப்பல் தப்பிக்கும். படகும் இரண்டு பேரும் உள்ளே நிற்பார்கள். கேப்டன் அந்தப் பாதையை ஒருமுறை பார்த்தார். பிறகு சுக்கானை எதிர்ப்பக்கம் திருப்பினார், தீவை நோக்கி. அங்கே கடலின் அடியில் தரைதட்டி நின்ற ஒரு பனிமலை இருந்தது. அதன் முதுகுக்குப் பின்னால் கப்பலைக் கொண்டுபோய் ஒட்ட நிறுத்தினார். யாரோடும் கலந்து பேசவில்லை. குரலை உயர்த்தவில்லை. எனக்கு அப்போது அவர் மேல் கோபம்கூட வந்தது. ஏதாவது கத்தித் தொலைத்தால் நானும் சேர்ந்து கத்தலாமே என்று.

சங்கு ஊதியபோது படகு கரைக்குப் போய்ச் சேர்ந்து பேட்டரியை இறக்கிக்கொண்டிருந்தது. உடனே திரும்பினார்கள். நான் மேலேயிருந்து பார்த்தேன். பனிக்கட்டிகள் நாலு பக்கமும் நெருங்கின. படகு புகுந்து புகுந்து வந்தது. கடைசி நூறு முழம் தண்ணீரே இல்லை. இருவரும் இறங்கி, அசைகிற பனிப்பாளங்களின் மேல் படகை இழுத்து வந்தார்கள். ஒரு இடத்தில் பாளம் புரண்டது. காதரின் இடது கை படகுக்கும் பனிக்கும் நடுவில் போய்விட்டது. அவன் கத்தியிருப்பான் என்று நினைக்கிறீர்களா? எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. மேட் கத்தியதுதான் கேட்டது.

கயிறு போட்டு இருவரையும் தூக்கிவிட்டோம். நாலு நாள் அந்தப் பனிமலைக்குப் பின்னால் கிடந்தோம். இரவில்லாத நாலு நாள். கப்பலின் பலகைகள் முனகிக்கொண்டே இருந்தன. காதர் முனகவில்லை. ஐந்தாம் நாள் காற்று மாறி, பனி அதுவாகவே விலகியது. தீவுச் சாமான்களை அவசரமாக இறக்கிவிட்டுத் திரும்பிப் போன துறைமுகத்தில் காதரின் மோதிர விரலையும் சுண்டுவிரலையும் எடுத்துவிட்டார்கள்.

அந்த நாலு நாளில் ஒருநாள் கேப்டன் எனக்கு விளக்கினார். குளிர்ந்து அசையாமல் நிற்கும் காற்றில் வெளிச்சம் வளையுமாம். கடல் விளிம்புக்குக் கீழே இருக்கிற பனியை மேலே தூக்கி, மதிலாக, கோபுரமாக நீட்டிக் காட்டுமாம். பார்க்கிறவன் அதில் தன் ஊரைப் பார்த்துக்கொள்வான், அவருக்கு எப்போதும் அவர் ஊர் மீன் மார்க்கெட்தான் தெரியும் என்றார். காட்சி பொய், அதைக் காட்டிய பனி நிஜம். அதன்பிறகு அவர் சொன்னதை நான் முப்பது வருஷம் என்னோடு வேலைபார்த்த ஒவ்வொருவனிடமும் சொல்லியிருக்கிறேன். உங்களுக்கும் சொல்கிறேன்.

"பார்த்ததைச் சொல்ல உனக்குச் சம்பளம். அது என்னவென்று முடிவு செய்ய எனக்குச் சம்பளம்."

சொல்லிவிட்டு எழுந்து போனார். அரை மணி நேரத்தைப் பற்றிக் கேட்கவே இல்லை. அவருக்குத் தெரியும் என்று எனக்குத் தெரியும். நான் முன்னாலேயே அடித்திருந்தால் படகு நடுவழியிலேயே திரும்பியிருக்கும். காதருக்குப் பத்து விரலும் இருந்திருக்கும். இது பெரிய கணக்கு இல்லை, எட்டாவது வரை படித்தவனுக்கே போடத் தெரிந்தது.

இன்னொரு சின்ன விஷயம். மேட் ஒருநாள் சாப்பிடும்போது குறைப்பட்டுக்கொண்டார். போகும்போது நடுவழியில் காதர் துடுப்பை நிறுத்திவிட்டு, எதிரே இருந்த அவர் தோளுக்கு மேலாக எதையோ வெறித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான், அதட்டிய பிறகுதான் துடுப்புப் போட்டான் என்றார். குளிர் அப்படித்தான் ஆளை மந்தமாக்கும் என்று நானே காதருக்காகச் சமாதானம் சொன்னேன்.

காதர் கடலை விட்டுவிட்டு ஊருக்கு வந்தான். கடைத்தெருவில் லாரிகளுக்குத் தார்ப்பாய் தைக்கிற கடை போட்டான். இடது கையில் மூன்று விரலோடு, அதே தையல். நான் கப்பலில் தொடர்ந்தேன். விடுப்பில் வரும்போதெல்லாம் டீக்கடையில் இந்தக் கதையைச் சொல்வேன். ஊரே சிரிக்கும். "மண்ணாங்கட்டி, பனியில செஞ்சியப் பாத்த கதைய சொல்லுடா" என்று கேட்டு வாங்கிச் சிரிப்பார்கள். அரை மணி நேரத்தை மட்டும் விட்டுவிட்டுச் சொல்வேன். காதர் கடைக்குள் உட்கார்ந்து தைத்துக்கொண்டே கேட்பான். சிரிக்கவும் மாட்டான், மறுக்கவும் மாட்டான். நான் என் பங்குக்கு அவன் கையைப் பார்க்காமல் பேசக் கற்றுக்கொண்டேன்.

நாலு வருஷம் இப்படிப் போயிற்று. ஒரு விடுப்பில் எனக்குத் தூக்கம் கெட்டது. கண்ணை மூடினால் அந்த மணிக்கூண்டும் கையைத் தூக்கியபடி நிற்கிற அந்த ஆளும். ஒரு காலையில் கடைக்குப் போய், "காதரு, ராஜகிரி மேல போலாமா" என்று கேட்டேன். அவன் ஊசியைத் தார்ப்பாயில் குத்தி வைத்தான்.

"உன் ஆட்ட யாரு பாத்துப்பா?"

அதுதான் அந்த வருஷம் அவன் அடித்த ஒரே ஜோக். வேர்க்கடலை ஒரு பொட்டலம் வாங்கிக்கொண்டு கிளம்பினோம்.

பாலம் வந்தது. பிளவு அதே ஆழம், நான் அதே கோழை. கடலில் எழுபது அடிக் கம்பத்தில் பனிப்புயலில் நின்றவன், இருபது அடிப் பாலத்துக்கு முன்னால் வேர்த்துப்போய் நின்றேன். காதர் நடந்து அந்தப் பக்கம் போய்விட்டுத் திரும்பிப் பார்த்தான்.

"கீழ பாக்காத. வா."

போனேன். மேலே மணிக்கூண்டு இருந்தது. நான் பனியில் பார்த்த அதே அளவு, அதே இடம். அதற்குமுன் நான் அதைப் பக்கத்தில் பார்த்ததில்லை என்பதை நீங்கள் மறந்துவிடக் கூடாது. உள்ளே மணி இல்லை, கயிறும் இல்லை. ஏறி நின்று, விட்டத்தை எட்டிப் பிடித்துக்கொண்டு வடக்கே பார்த்தேன். வெயிலில் வயல்களுக்கு மேல் கானல் நெளிந்துகொண்டிருந்தது. கையைத் தூக்கியபடி நிற்கிறேன் என்பது கொஞ்சம் கழித்துத்தான் எனக்கே உறைத்தது. அன்று இங்கே நின்று எங்களைப் பார்த்தவன் யார் என்று யோசித்தேன். கையை இறக்கிவிட்டு வெளியே வந்தேன்.

காதர் பாறையில் உட்கார்ந்து மூன்று விரலால் கடலையை உடைத்துக்கொண்டிருந்தான். எதிரில் உட்கார்ந்தேன். முதல்தடவையாக அந்தக் கையைப் பார்த்துக்கொண்டே பேசினேன். வேடிக்கை எதுவும் சேர்க்கவில்லை.

"காதரு, மணி அடிக்கிறதுக்கு அரை மணி முன்னாலயே கோட்ட எனக்குத் தெரிஞ்சுதுடா. பயந்துக்கினு சும்மா நின்னுட்டேன். கேப்டன் கேட்டப்போ பொய் சொல்லிட்டேன்."

அவன் கையிலிருந்த கடலையை உடைத்தான். தோலை ஊதினான். இரண்டு பருப்பில் ஒன்றை என்னிடம் நீட்டினான்.

"படகுல இருந்தும் தெரிஞ்சுது."